இல்லாத எந்திரத்துக்குக் கட்டளை எழுதிய சீமாட்டி

1843-ம் ஆண்டு, ஜூலை மாதம். இங்கிலாந்து நாடு.

ஒரு மாளிகையில், மேஜை முன்னால் இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்து இருக்கிறார். வயது 27. மூன்று குழந்தைகளுக்குத் தாய். கையில் பென்சில். எதிரே ஒரு பெரிய தாள். தாள் முழுவதும் கட்டங்கள். கட்டங்களுக்குள் எண்கள், எழுத்துகள், கணக்குக் குறிகள்.

பக்கத்தில் கணவர். அவர் ஒரு பிரபு. மனைவி பென்சிலால் எழுதிய எழுத்துகளின் மேல், மையால் எழுதிக் கொடுக்கிறார்.

அந்தத் தாளில் இருப்பது என்ன? ஓர் எந்திரம் செய்யவேண்டிய வேலைகள். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வரிசையாக 25 கட்டளைகள்.

அந்த எந்திரம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! அதைக் கட்டி முடிக்கவே இல்லை. அவர் உயிரோடு இருந்த காலம் வரை மட்டும் அல்ல, அதற்குப் பிறகும் முடிக்கவில்லை.

இல்லாத எந்திரத்துக்குக் கட்டளை எழுதிய அந்தப் பெண்ணின் பெயர், அடா லவ்லேஸ். உலகத்தின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர் என்று இன்று பலரும் அவரைப் போற்றுகிறார்கள்.

எழுதிய கட்டளைகள் சரிதானா என்று எந்திரத்தை ஓட்டிப் பார்க்க அவருக்கு வழி இல்லை. படித்துப் படித்துத்தான் சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்த்தும், ஒரு வரியில் பிழை நின்றுவிட்டது. அடாவின் கதை, அந்தப் பிழையின் கதையும் ஆகும்.

கவிஞரின் மகள்

1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டன் நகரில் அடா பிறந்தார். தந்தை, புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. தாய், அன்னபெல்லா.

பைரனின் கவிதையில் இருந்த இனிமை, அவருடைய குடும்ப வாழ்க்கையில் இல்லை. அடா பிறந்து ஒரு மாதம்தான் ஆகி இருந்தது. தாய், கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். அதே 1816-ம் ஆண்டில் பைரன் இங்கிலாந்தை விட்டு வெளியேறினார். பிறகு அவர் திரும்பவே இல்லை. 1824-ம் ஆண்டில் கிரீஸ் நாட்டில் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அடாவுக்கு வயது 8. தந்தையின் முகமே மகளுக்குத் தெரியாது.

வீட்டில் பைரனின் படம் ஒன்று இருந்தது. அதையும் திரை போட்டு மறைத்து வைத்து இருந்தார்கள். தந்தையின் கவிதைப் பித்து மகளுக்கும் வந்துவிடக் கூடாது என்று தாய் பயந்தார். அதற்கு அவர் கண்ட மருந்து, கணிதம்! தாய்க்கும் கணிதத்தில் ஆர்வம் உண்டு. சிறு வயது முதலே ஆசிரியர்களை வைத்து மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது.

12 வயதில் அடாவுக்கு ஓர் ஆசை வந்தது. பறவையைப் போல ஆகாயத்தில் பறக்க வேண்டும்! சும்மா கனவு கண்டதோடு நிற்கவில்லை. பறவையின் உடலுக்கும் சிறகுக்கும் உள்ள அளவுகளை ஆராய்ந்தார். எதனால் சிறகு செய்யலாம் என்று யோசித்தார்.

அடுத்த ஆண்டிலேயே சோதனை வந்தது. அம்மை நோய் தாக்கியது. கால்கள் செயல் இழந்தன. நீண்ட காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிறகு ஊன்றுகோல் பிடித்து நடந்தார். அந்த நாட்களிலும் அவர் பாடத்தை விடவில்லை.

கணக்குப் போடும் எந்திரம்

1833-ம் ஆண்டு ஜூன் மாதம். அடாவுக்கு வயது 17. லண்டனில் ஒரு விருந்து. அங்கே சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞரைச் சந்தித்தார். அவருடைய வயது 41.

பாபேஜ் வாழ்நாள் முழுவதும் பிழைகளோடு போராடியவர். அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டுகிறவர்களும், வானத்தை ஆராய்கிறவர்களும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளை நம்பித்தான் வேலை செய்தார்கள். மனிதர்கள் கையால் போட்ட கணக்குகள் அவை. 1821-ம் ஆண்டில், ஜான் ஹெர்ஷல் என்ற நண்பருடன் உட்கார்ந்து பாபேஜ் அப்படிப்பட்ட கணக்குகளைச் சரிபார்த்தார். பிழைமேல் பிழை! மனிதன் சோர்ந்து போவான். எந்திரம் சோர்ந்து போகாது. எந்திரத்தையே கணக்குப் போட வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

இங்கிலாந்து அரசாங்கம் பண உதவி செய்தது. பித்தளைச் சக்கரங்களைக் கொண்டு எந்திரத்தின் ஒரு பகுதி தயார் ஆயிற்று. அதைப் பார்க்கத் தாயும் மகளும் போனார்கள். மற்றவர்கள் அதை விளையாட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அடாவோ, சக்கரங்கள் எப்படிச் சுழன்று கணக்குப் போடுகின்றன என்பதைப் புரிந்துகொண்டார். அன்று தொடங்கிய நட்பு, சாகும் வரை நீடித்தது.

1835-ம் ஆண்டில் அடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்லியம் கிங். 1838-ம் ஆண்டில் அவருக்கு லவ்லேஸ் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அதனால் அடா, லவ்லேஸ் சீமாட்டி ஆனார். இரண்டு மகன்கள், ஒரு மகள். குழந்தைகள் பிறந்த பிறகும் கணிதத்தை அவர் விட்டுவிடவில்லை. டி மார்கன் என்ற பேராசிரியரிடம் கடிதம் மூலம் பாடம் கற்றார்.

தறியில் இருந்து வந்த யோசனை

இதற்குள் பாபேஜ் இன்னொரு பெரிய எந்திரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார். முதல் எந்திரம் ஒரே வகைக் கணக்குத்தான் போடும். புதிய எந்திரமோ, எந்தக் கணக்கை வேண்டுமானாலும் போடும்! என்ன கணக்கு என்று கட்டளை கொடுத்தால் போதும்.

கட்டளையை எப்படிக் கொடுப்பது? அதற்கு வழி காட்டியது, பட்டு நெய்யும் தறி! பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் ஒரு தறி அமைத்து இருந்தார். அட்டைகளில் துளைகள் போட்டு, அந்த அட்டைகளைத் தறியில் கோத்துவிட்டால், துளைகளுக்கு ஏற்பப் பூவும் கொடியும் துணியில் விழும். அட்டையை மாற்றினால், பூ மாறும். அதேபோல் அட்டையை மாற்றினால் கணக்கு மாறும்படி செய்யலாம் என்பது பாபேஜின் திட்டம்.

1840-ம் ஆண்டில் பாபேஜ் இத்தாலியில் உள்ள டூரின் நகருக்குப் போய், இந்த எந்திரத்தைப் பற்றி விளக்கினார். அதைக் கேட்ட மெனாப்ரியா என்ற ராணுவ எஞ்சினீயர், 1842-ம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். (பிற்காலத்தில் இவர் இத்தாலியின் பிரதம மந்திரி ஆனார்.)

அந்தக் கட்டுரையை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இவ்வளவு தெரிந்தவர் சொந்தமாகவே எழுதலாமே என்று பாபேஜ் கேட்டார். குறிப்புகளாவது சேர்க்கும்படி தூண்டினார். அடா சம்மதித்தார். ஏழு குறிப்புகள் எழுதினார். எழுதி முடித்தபோது, மூலக் கட்டுரையைவிடக் குறிப்புகள் இரண்டு மடங்குக்கும் மேல் நீளமாக இருந்தன.

அந்தக் குறிப்புகளில்தான் அடாவின் மேதை வெளிப்பட்டது. எந்திரம் எண்களை மட்டும்தான் கையாள வேண்டும் என்பது இல்லை. இசையின் சுரங்களுக்கு உள்ள உறவுகளைக் கணக்கு முறையில் எழுதிக் கொடுத்தால், எந்திரம் இசையும் அமைக்கலாம் என்றார். எந்திரம் தானாக எதையும் புதிதாகத் தோற்றுவிக்காது, நாம் இடத் தெரிந்த கட்டளையைத்தான் நிறைவேற்றும் என்றும் எச்சரித்தார்.

25 கட்டளைகள்

ஏழாவது குறிப்பில் ஓர் எடுத்துக்காட்டு தர அடா விரும்பினார். அதற்காக, பெர்னோலி எண்கள் என்ற வரிசையைத் தேர்ந்து எடுத்தார். 1 முதல் 100 வரை உள்ள எண்களையோ, அவற்றின் வர்க்கங்களையோ ஒவ்வொன்றாகக் கூட்டாமல், சுருக்கு வழியில் கூட்டச் சூத்திரங்கள் உண்டு. அந்தச் சூத்திரங்களுக்குள் ஒளிந்து கிடப்பவை பெர்னோலி எண்கள். இவற்றைக் கணக்கிடுவது கடினம். ஒன்றைக் கண்டுபிடிக்க, அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் வேண்டும்.

அடாவின் சிரமத்தைக் குறைக்க, அதற்கு உரிய கணக்கைப் பாபேஜே போட்டு அனுப்பினார். அடா அதைப் படித்தார். அதில் பெரிய பிழை ஒன்று இருந்தது! திருத்தும்படி அவருக்கே திருப்பி அனுப்பினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு பாபேஜ் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, இதை மறைக்காமல் பெருமையோடு எழுதி வைத்தார்.

அட்டவணை தயார் ஆயிற்று. ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. எந்தப் பெட்டியில் உள்ள எண்ணை எடுப்பது, அதை என்ன செய்வது, விடையை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதை எல்லாம் அந்த வரி சொல்லும். அதே வரியில், கிடைக்கவேண்டிய விடை என்ன என்பதும் இருக்கும். 13-வது கட்டளை முதல் 23-வது கட்டளை வரை செய்து முடித்தபின், அவற்றையே திரும்பவும் செய்ய வேண்டும். இன்றைய புரோகிராம்களிலும் இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி உண்டு.

அடா இரவு பகலாக உழைத்தார். பலமுறை திருத்தினார். பாபேஜ் தாள்களைக் கவனக்குறைவாகக் கையாண்டபோது, அவரைக் கடிந்து கடிதம் எழுதினார். அச்சாகும் நேரத்தில் இருவருக்கும் இன்னொரு தகராறும் வந்தது. அரசாங்கத்தைக் குறை கூறும் ஒரு முன்னுரையைப் பெயர் போடாமல் சேர்க்கப் பாபேஜ் விரும்பினார். அடா மறுத்துவிட்டார். குருவைப் போன்றவரிடமும் நியாயத்தை விட்டுக் கொடுக்கவில்லை. சில நாட்களில் மனக்கசப்பு நீங்கியது.

1843-ம் ஆண்டில் கட்டுரை வெளிவந்தது. அடாவின் முழுப்பெயர் அதில் இல்லை. குறிப்புகளின் முடிவில் ஏ.ஏ.எல். என்று மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன.

36 வயதில் முடிவு

முதல் எந்திரத்துக்குப் பணம் தருவதை அரசாங்கம் 1842-ம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. இரண்டாவது எந்திரம் காகிதத்தோடு நின்றது.

அடாவின் கடைசி ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. குதிரைப் பந்தயத்தில் பெருந்தொகையை இழந்தார். குடும்ப நகைகளை அடகு வைத்தார். புற்றுநோயும் வந்து சேர்ந்தது. படுக்கையில் கிடந்த அவரைப் பார்க்க, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்தார். தம் நாவலில் இருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார்.

1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி அடா காலமானார். வயது 36. தந்தை இறந்ததும் அதே வயதில்தான்!

தாம் பார்த்து அறியாத தந்தைக்குப் பக்கத்திலேயே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அடாவின் விருப்பம். அதன்படியே ஹக்னால் என்ற ஊரின் தேவாலயத்தில், பைரனின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். வாழ்நாளில் பிரிந்து இருந்த தந்தையும் மகளும் மரணத்தில் சேர்ந்தார்கள்.

நான்காவது வரி

ஆண்டுகள் உருண்டு ஓடின. 20-ம் நூற்றாண்டில் கம்ப்யூட்டர்கள் வந்தன. 1953-ம் ஆண்டில் அடாவின் குறிப்புகளை ஒரு நூலில் மறுபடியும் அச்சிட்டார்கள். அவருடைய அட்டவணையை அறிஞர்கள் வரி வரியாகப் படித்தார்கள்.

நான்காவது வரியில் ஒரு பிழை இருந்தது!

7-ஐ 9-ஆல் வகுக்கவேண்டிய இடம் அது. ஆனால் கட்டளை, 9-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னது. இரண்டு பெட்டிகளின் பெயர்கள் இடம் மாறிவிட்டன. எந்திரம் இருந்திருந்தால் மறுபேச்சு இல்லாமல் தவறாகவே வகுத்து இருக்கும். அதன் பிறகு வரும் விடையும் தவறாகி இருக்கும்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. அதே வரியில், கிடைக்கவேண்டிய விடை சரியாகவே எழுதி இருக்கிறது! கட்டளை ஒன்று சொல்கிறது. விடை வேறு ஒன்று சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை பளிச்சென்று தெரியும். எந்திரமே வேண்டாம்.

பாபேஜின் பிழையைப் பிடித்த அடாவின் கண்ணுக்கு, சொந்தத் தாளில் இருந்த பிழை ஏன் தப்பியது? நாம் எழுதியதை நாமே படிக்கும்போது, தாளில் இருப்பதைப் படிப்பது இல்லை. மனத்தில் இருப்பதைத்தான் படிக்கிறோம். கடிதம் எழுதிய எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு.

ஓட்டாமல் சோதிக்கும் கலை

இன்று உலகம் முழுவதும் புரோகிராம்களை இரண்டு வகையில் சோதிக்கிறார்கள். ஓட்டிப் பார்ப்பது ஒரு வகை. ஓட்டாமலே வரி வரியாகப் படித்துப் பார்ப்பது இன்னொரு வகை. தையல்காரர் துணியை வெட்டும் முன்னால் அளவை மறுபடி பார்ப்பது போன்றது இது. வெட்டிய பிறகு பார்த்துப் பயன் என்ன?

ஓர் உதாரணம். செல்போனில் அடிக்கடி அறிவிப்புகள் வருகின்றன. கடிதம் வந்து இருக்கிறது, பணம் வந்து சேர்ந்தது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு நாளை விடுமுறை என்று பலவகை. ஒரு வலைத்தளத்தில் இந்த அறிவிப்புகளைக் கவனிப்பதற்கு என்றே புரோகிராமில் ஒரு பகுதி இருக்கும். தபால் ஆபீசில் கடிதம் பிரித்துக் கொடுக்கும் ஊழியரைப் போன்றது அது. யார் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கேட்கிற அறிவிப்பு அவருக்கு உரியதுதானா என்றும் பார்க்க வேண்டும். பிறகுதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எழுதியவர் இரண்டாவது சோதனையை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டிப் பார்க்கிறார். தம் பெயரில் நுழைகிறார். தம் அறிவிப்பைக் கேட்கிறார். சரியாக வருகிறது. எல்லாம் நலம் என்று நினைக்கிறார். ஆனால் வேறு ஒருவர், அறிவிப்பின் எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டால், அடுத்தவர் வீட்டு ரகசியம் அவர் கைக்குப் போய்விடும்!

ஓட்டிப் பார்த்தபோது தெரியாத இந்த ஓட்டை, படித்துப் பார்த்தால் தெரியும். கேட்டவர் யார் என்ற விவரம் ஒரு வரியில் வருகிறது. அறிவிப்பை எடுக்கும் வரியில் அந்த விவரம் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்டாலே போதும். இப்படிப் படிப்பதற்கு என்றே தனிப் புரோகிராம்களும் இருக்கின்றன. அவை ஆயிரக்கணக்கான வரிகளையும் அலுக்காமல் படிக்கும். சில சமயம் நல்ல வரியையும் குற்றவாளி என்று காட்டும். அப்போது மனிதர்தான் நீதிபதியாக இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அடாவின் பெயரில் ஒரு மொழி

1980-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவ இலாகா, புரோகிராம் எழுதப் புதிய மொழி ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதற்கு வைத்த பெயர், அடா! அந்த மொழியின் விதிகள் அடங்கிய ஆவணத்துக்குக் கொடுத்த எண் 1815. அடா பிறந்த ஆண்டு அது. விமானம், ரெயில் போன்ற, பிழை நேர்ந்தால் உயிர் போகும் இடங்களில் அந்த மொழி பயன்பட்டு வருகிறது.

அந்த மொழியின் சிறப்பே, ஓடும் முன்னால் பிழையைப் பிடிப்பதுதான். தூரத்தையும் எடையையும் தனித்தனி இனம் என்று எழுதிவிட்டால், ஒன்றோடு ஒன்றைக் கூட்ட அது விடாது.

ஆனால் 7-ம் 9-ம் இடம் மாறினால்? இரண்டும் ஒரே இனத்து எண்கள். அங்கே அந்தக் காவலும் ஏமாந்து போகும்! அதற்கும் ஒரு வழி கண்டார்கள். அடா மொழியில் இருந்து ஸ்பார்க் என்ற கிளைமொழி பிறந்தது. அதில் கட்டளையோடு, கிடைக்கவேண்டிய விடை எப்படிப்பட்டது என்பதையும் எழுதி வைக்கலாம். இரண்டும் பொருந்துகின்றனவா என்று, புரோகிராமை ஓட்டாமலே எந்திரம் சோதித்துச் சொல்லும்.

கட்டளை ஒரு பக்கம். விடை ஒரு பக்கம். 1843-ம் ஆண்டில் அடா பென்சிலால் வரைந்த அட்டவணையில் இருந்தவையும் இவைதானே!

நான்காவது வரியில் இருந்த பிழையால் அடாவின் புகழ் குறையவில்லை. அவர் கட்டளைகளை மனத்துக்குள் பூட்டி வைக்கவில்லை. யாரும் படித்துச் சரிபார்க்கும்படி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தாம் எதிர்பார்த்த விடையையும் எழுதி வைத்தார். அதனால்தான், எந்திரமே இல்லாமல் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது.